இருவரும் பார்த்த பறவைகள்

"பத்து மணியில, அரசி. கொடி தொங்குது பாரு. அதுக்குக் கீழ சாஞ்ச கல்லு. கல்லுக்கு அந்தப் பக்கம்" என்றார் தணிகைவேல், உதட்டை அசைக்காமல் பேசும் குரலில். மங்கையர்க்கரசி பைனாகுலரைத் தூக்கிக் கண்ணில் பொருத்திக்கொண்டாள். பத்து மணி என்றால் நேரமல்ல. எதிரே தெரிவதை எல்லாம் ஒரு கடிகாரமாக நினைத்துக்கொண்டால் சின்ன முள் பத்தில் நிற்கிற பக்கம். முப்பத்தெட்டு வருஷமாக அவர் சொன்னதும் இவள் கழுத்து தானாகத் திரும்பிப் பழகிய திசைகளில் ஒன்று. திரும்பியது. வட்டத்துக்குள் பச்சை நிறைந்தது. பச்சைக்கு நடுவில், எங்கே பார்க்க வேண்டுமோ சரியாக அங்கே, ஈர விரலால் யாரோ மையைத் தேய்த்துவிட்டது போன்ற அந்தச் சாம்பல் கறை வந்து உட்கார்ந்துகொண்டது. கொடியைப் பார்த்தால் கொடி இல்லை, ஓரத்தில் கல் இருந்தது. கல்லைப் பார்த்தால் கல் இல்லை, கொடி இருந்தது. எதைத் தேடுகிறாளோ அது மட்டும் இல்லாத காடு. ஒன்று, இரண்டு, மூன்று என்று மனதுக்குள் எண்ணினாள். உடனே பார்த்தேன் என்று சொல்லிவிடக் கூடாது. நாலு எண்ணி, மூச்சை லேசாக உள்ளே இழுத்து, அப்புறம்தான் சொல்ல வேண்டும். ஆறு மாதத்தில் கற்றுக்கொண்டது. அதற்குள் அவர் நாக்கைச் சப்புக்கொட்டினார். "உள்ள போயிடுச்சு. நீ பாத்தியா?" "இல்லீங்க." "நானும் சரியாப் பாக்கல. நீலமா ஒண்ணு, அவ்வளவுதான். இருந்து பாப்போம்." இல்லீங்க என்ற சொல் வாயில் சற்று நேரம் அப்படியே இருந்தது. உண்மை தானாக வந்து, யாரையும் எதுவும் செய்யாமல் போய்விட்டது. இப்படி ஒவ்வொரு பறவையும் அவர் பார்ப்பதற்கு முன்னாலேயே பறந்துவிட்டால் நன்றாக இருக்கும் என்று நினைத்தாள். நினைத்ததும் வெட்கமாக இருந்தது.

மதிலோரம் விழுந்து கிடந்த ஒரு தூணின் மேல் இருவரும் உட்கார்ந்தார்கள். கம்போடியாவில் மூன்றாவது நாள். அங்கோரில் பிரியா கான் கோயிலின் மேற்கு வாசலில் அவர்களை இறக்கிவிட்டு, வண்டிக்காரன் ரித்தி தன் டுக்டுக் ஆட்டோவை மரத்தடியில் நிறுத்திவிட்டுப் படுத்துவிட்டான். கும்பகோணத்திலிருந்து கூட்டமாக வந்த இருபத்திரண்டு பேரில் மற்ற இருபது பேருக்கும் இன்று ஓய்வு நாள். இந்நேரம் ஓட்டல் பின்கட்டில், கூடவே கூட்டிவந்த சமையல்காரர் கிண்டிய வெண்பொங்கலுக்கு வரிசையில் நிற்பார்கள். நேற்று பஸ்ஸில் உடன் வந்த சகுந்தலா கேட்டாள்: "குருவி பாக்கவா சார் ஃபிளைட் ஏறி வந்தீங்க? எங்க வீட்டு மொட்டை மாடிக்கு வந்திருந்தா ஆயிரம் காக்கா காட்டியிருப்பேனே." இவர் முகம் மாறாமல், "உங்க வீட்டுக் காக்காவை எப்பவோ பாத்தாச்சும்மா, நோட்டுல இருக்கு, ஒண்ணாம் நம்பர்" என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது. அது வேடிக்கைக்குச் சொன்னதல்ல. நோட்டில் ஒன்றாம் எண் காக்கைதான். கல்யாணமான இரண்டாவது வாரம், கல்லணைக்குப் போன அன்று, அவர் வேலை பார்த்த பொதுப்பணித் துறையில் அளவெடுத்து எழுதுகிற கட்டம் போட்ட தடித்த புத்தகம் போலவே கடையில் ஒன்று வாங்கி, முதல் பக்கத்தில் 'இருவரும் பார்த்தது மட்டுமே' என்று எழுதி, காக்கையிலிருந்து தொடங்கினார். துறையில் என்ன வழக்கமோ அதேதான் இதிலும். எழுதியதை ரப்பரால் அழிக்கக் கூடாது, வெள்ளை பூசக் கூடாது. தப்பென்றால் ஒற்றைக் கோடு இழுத்து அடித்து, பக்கத்தில் சுருக்கக் கையெழுத்து. அடித்தது என்றைக்கும் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும். ஒன்பது மணி வரை பறவை, அதற்கப்புறம் கல் என்பது வெளியூர்ப் பயணங்களுக்கான இன்னொரு சட்டம். காலை அவருடையது, பகல் அவளுடையது. ஹம்பி, எல்லோரா, அனுராதபுரம் எல்லாம் அப்படித்தான் போய்வந்தார்கள். அங்கோர் மட்டும் தள்ளித் தள்ளிப் போனது. இருபத்தொன்பது வருஷம் எட்டாம் வகுப்புக்கு வரலாறு எடுத்தவள். பாடப் புத்தகத்தில் அங்கோருக்கு மூன்று வரி, தபால் தலை அளவுக்கு ஒரு கறுப்புப் படம். பின் பெஞ்சுப் பெண்கள் டீச்சர் இதுல ஒண்ணுமே தெரியல என்பார்கள். ஒரு நாள் நான் போய்ப் பார்த்துட்டு வந்து சொல்றேன் என்பாள். இப்போது வந்தாயிற்று. ஒண்ணுமே தெரியல டீச்சர்.

மேலே கீச்சென்ற கூச்சலோடு கிளிக்கூட்டம் ஒன்று போனது. தலையை நிமிர்த்தாமலே அவளுக்குத் தெரிந்தது, கண்ணின் மேல் ஓரத்தில், சாம்பல் வானத்தில், நீள வால்களோடு ஏழெட்டுக் கோடுகள் இழுபட்டுப் போவது. ஓரம் அவளுக்கு இன்னும் இருந்தது. ஓரம் நிக்கும்மா, நடுவுலதான் போகும், நடமாட்டத்துக்குக் குறை வராது என்றாள் அந்தக் கண் டாக்டர். திருச்சியில், ஆடி மாதத்தில். சிநேகிதி பேத்திக்குக் காது குத்து என்று வீட்டில் சொல்லிவிட்டுத் தனியாகப் போயிருந்தாள். டாக்டர் ஒரு தாளை நீட்டி நடுவில் இருக்கிற புள்ளியைப் பாருங்கள் என்றாள். கட்டம் போட்ட தாள். நோட்டின் கட்டம் மாதிரியே இருக்கிறதே என்று முதலில் அதுதான் தோன்றியது. புள்ளியைப் பார்த்தாள், புள்ளி இல்லை, சுற்றிலும் கோடுகள் மீன் கனத்தில் தொய்ந்த வலை மாதிரி உள்வாங்கின. இடது கண்ணில் முன்னால் வந்தது, வலதில் பின்னால். மருந்து என்று பெரிதாக ஒன்றும் இல்லை, கீரை சாப்பிடுங்கள், வெயிலில் கண்ணாடி போடுங்கள், வீட்டில் சொல்லிவிடுங்கள். டாக்டரின் முகத்தையும் கறை தின்றிருந்தது. குரலுக்கு இருபத்தெட்டு வயதிருக்கும். வீட்டில் சொல்லிவிடுங்கள். பஸ்ஸில் வரும்போது காவிரிப் பாலத்தில் சொல்லிப் பார்த்தாள், என்னங்க, எனக்குக் கண்ணு, என்று. பாபநாசத்தில் மறுபடி. வீட்டுக்கு வந்ததும் அவர் வாசலிலேயே, அரசி, நாரைக் கூட்டம் வந்திருக்காம் கரைவெட்டி ஏரிக்கு, நாளைக்குப் போறோம் என்றார். சரிங்க என்றாள். அவ்வளவுதான். அன்றைக்குச் சொல்லாததுதான் மறுநாளும் சொல்ல முடியாமல் போனது. சொன்னால் அவர் கோபப்பட மாட்டார், அதுதான் பயம். பேச மாட்டார். ஒரு கணக்குப் போடுவார். இருவரும் பார்த்தது மட்டுமே; ஒருத்தியால் முடியாது; ஆகவே நோட்டு முடிந்தது. பைனாகுலரைத் துடைத்து உறையில் போட்டுப் பரணில் வைப்பார். விடியற்காலை ஏரிக்குப் போவது நிற்கும். எதிரில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பேப்பரை வரிக்கு வரி வாசித்துக் காட்டுவார், தட்டில் எது எங்கே இருக்கிறது என்று சொல்வார், கூட்டு மூணு மணியில, அப்பளம் பன்னெண்டுல. அந்த அன்பை நினைத்தால் அவளுக்கு உள்ளங்கை வேர்த்தது. அதைவிடப் பொய் பரவாயில்லை. பொய்யில் அவராவது பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆனால் பொய் சொல்வது யாரிடம் என்று யோசிக்கும்போது கோடியக்கரை வந்துவிடும். எந்த நினைவில் தொடங்கினாலும் கால் அந்த உப்பளத்துச் சேற்றில் போய்ப் புதைந்துவிடும். மகளுக்கு அப்போது ஐந்து மாதம். இவள் வாடகை வேனுக்குள் ஜன்னலுக்குத் துண்டைக் கட்டிப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர் வரப்பின் மேல் ஓடி வந்தார், ஒரு கால் செருப்பு இல்லாமல். அரசி, வா, வா, மூக்கு நுனி கரண்டி மாதிரி, கரண்டிமூக்கு உள்ளான், இந்தச் சின்ன உருப்படி, உலகத்துலயே கொஞ்சம்தான் இருக்கு. குழந்தையைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு ஓடினாள். போவதற்குள் வெள்ளைத் தண்ணீர் மட்டும் இருந்தது. இருட்டும்வரை நின்றார்கள். ராத்திரி லாட்ஜில் அவர் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது இவள் தொட்டிலை ஆட்டிக்கொண்டே, விளையாட்டாக, சத்தியமாக விளையாட்டாகத்தான், "ரெண்டு பேரும் பாத்தாத்தானே? சட்டம் போட்டது நீங்கதானே" என்றாள். மறுநாள் காலையில் திறந்து பார்த்தால் அந்த வரியில் ஸ்கேல் வைத்து இழுத்த கோடு, பக்கத்தில் தணி என்று சின்னக் கையெழுத்து. அடித்தது படிக்கிற மாதிரி இருந்தது. அதற்குப்பின் இருபது தடவையாவது கோடியக்கரை போயிருப்பார்கள், அந்தப் பறவை வரவே இல்லை. அவர் ஒரு தடவைகூட அதைச் சொல்லிக் காட்டியதில்லை. இவள் அதைப் பெருமையாக வேறு நினைத்துக்கொண்டிருந்தாள் பல வருஷம், என் புருஷன் ஒரு சொல்லுக்காகத் தன் ஆயுசுப் பறவையை அடித்தவர் என்று. அப்படிப்பட்ட நோட்டில் ஆடிக்கு அப்புறம் பதினான்கு பறவைகள் ஏறியிருக்கின்றன. பதினான்கையும் அவர் பார்த்தார். இவள் அநேகமாக ஒவ்வொன்றுக்கும் நாலு எண்ணினாள்.

"ஒம்போது ஆச்சு" என்றார் தணிகைவேல். "உன் நேரம். நீ உள்ள போய்ப் பாத்துட்டு வாயேன். நான் இங்கயே காவல் இருக்கேன். வெளிய தலை காட்டுச்சுன்னா ஓடியாறேன்." "மூணு நாளா அதுக்காக அலையறீங்க. நாளைக்கு ஊருக்குக் கிளம்பணும்." "அதுக்கென்ன, அதுக்கும் தெரியும் நாம நாளைக்குப் போறோம்னு. வரும்." அவர் தேடுவது ஹைனான் நீல ஈப்பிடிப்பான். ஒரு சாண்கூட இருக்காது, நிழலில் தாழப் பறக்கும், ஆண் மட்டும் அடர்நீலம் என்று ஒரு மாதமாகப் படித்துக் காட்டியிருக்கிறார். அவள் எழுந்து வாசலுக்குள் நுழைந்தாள். முதல் நிலை உயரம், அடுத்தது கொஞ்சம் தணிவு, அதற்கடுத்தது இன்னும். உள்ளே போகப் போக வாசல்கள் தாழ்ந்துகொண்டே போகும், எல்லோரும் குனிந்துதான் ஆகணும் என்று நேற்று வழிகாட்டி சொன்னார். ஒவ்வொரு நிலையிலும் கல் படி தடுக்கும். வலது கையைச் சுவரில் வைத்துக்கொண்டு நடந்தாள். ஈரக் கல், பாசி, அதன்மேல் ஒரு முட்டி, ஒரு கொலுசு, தாமரை. ரசித்துத் தடவிப் பார்க்கிறாள் என்று அவர் நினைக்கிறார். உனக்குக் கல்லுன்னா தொட்டாத்தான் திருப்தி என்று நேற்று கேலி செய்தார். நேற்று பாயோன் கோயிலில் அத்தனை கோபுரத்திலும் அத்தனை கல் முகம். ஒரு முகத்தைப் பார்த்தாள், முகம் போனது. பக்கத்து முகத்தைப் பார்த்தால் இந்த முகம் ஓரத்தில் வந்தது, மூடிய கண்ணும் சிரிக்கிற உதடுமாக, நீ என்னைப் பார்க்காதபோதுதான் நான் இருக்கிறேன் என்பது போல. அவள் வாழ்நாளெல்லாம் பார்க்க நினைத்த முகம். நன்றாக இருக்கிறது என்றாள் எல்லோரிடமும். வெளிச்சம் மேல் கூரை இடிந்த இடத்தில் தூண்போல விழுந்து, கண் கூசி, கறை பெரிதாகி, அடுத்த நிலைப்படி எங்கே என்று தெரியவில்லை. நின்றுவிட்டாள். கால் நுனியால் துழாவினாள். யாராவது வந்தால் போட்டோ எடுக்க நிற்பது மாதிரி நிற்க வேண்டும். போனை எடுக்கக் கைப்பையில் கையை விட்டாள்.

டக், டக் என்று அவள் பாதத்துக்கு முன்னால் கல்லில் சத்தம் கேட்டது. துடைப்பக் கட்டை. ஓரப் பார்வையில் ஒரு கட்டம் போட்ட துண்டும் பச்சைச் சட்டையும் வந்தன. கோயிலில் சருகு பெருக்குகிற பெண். டக் என்று படியின் விளிம்பைத் தட்டினாள், பிறகு எந்தத் தயக்கமும் இல்லாமல் மங்கையர்க்கரசியின் முழங்கையைத் தன் கைக்குள் வாங்கிக்கொண்டாள். ஏதோ சொன்னாள். ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் அந்தத் தொனி புரிந்தது, கால எடுத்து வைம்மா, ம், இன்னொண்ணு. டக். ஒரு நிலை, இரண்டு நிலை, மூன்று நிலை. நடுவில் வெளிச்சம் விழுகிற ஒரு கல் மேடைவரை கொண்டுவிட்டு, அவள் கையை எடுத்து மேடையின் மேல் வைத்துவிட்டு, மறுபடி பெருக்கப் போய்விட்டாள். முன்பின் தெரியாதவள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. சமையலறையில் உப்பு ஜாடியைத் துழாவும்போது, இட்லித் துணியில் ஆவி சுடும்போது, பேத்தியின் போட்டோவை போனில் காட்டி எப்படிச் சிரிக்குது பாரு என்று அவர் சொல்ல, ஆமாங்க என்று இவள் வேறு பக்கம் பார்த்தபோது, ஆறு மாதமாகப் பக்கத்திலேயே இருப்பவருக்குத் தெரியவில்லை. ஒரு மைல் தள்ளிப் பறக்கிற பருந்தின் வாலைச் சொல்கிறவர். தெரியவில்லையா. தெரியாமல் இருக்குமா. அவர் பார்க்காமல் இருப்பது ஏன் என்றால் இவள் அவ்வளவு கச்சிதமாக எண்ணியிருக்கிறாள், நாலு. குளிர்ந்த கல்லில் இரண்டு கையையும் ஊன்றி நின்றாள். எனக்கு இங்கே யாரும் கை கொடுக்கவில்லை என்று இத்தனை நாள் உள்ளுக்குள் ஒரு சின்னக் குறை இருந்ததே, அது எவ்வளவு பெரிய அநியாயம். என் கை எங்கே இருக்கிறது என்று காட்டவே இல்லையே நான்.

"அரசி." குரல் வாசல் வாசலாகத் தாழ்ந்து வந்தது. "அரசி, சீக்கிரம், மெதுவா வா." திரும்பி நடந்தபோது அவர் பாதி வழியில் வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார், அறுபத்தாறு வயதில், ஒரு செருப்போடு வரப்பில் ஓடி வந்த அதே மூச்சு. மதிலோரம் நிறுத்தினார். மதிலில் ஆள் உயரத்துக்கு மூன்று மடங்காகக் கல் கருடன், இரு கையிலும் பாம்பின் வாலைத் தூக்கிப் பிடித்தபடி. "கருடன் காலுக்கு நேர் கீழ. வேர் ஒண்ணு புடைச்சிருக்கு. வேர் மேல. முழுசா வெளிய நிக்குது." பைனாகுலரைத் தூக்கினாள். எங்கிருந்தோ நாலைந்து தெளிவான சுரம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி இறங்கியது. பாடிக்கொண்டிருந்தது. அது மிக அருகில் இருந்தது, பத்தடிகூட இருக்காது. வேர் இருந்தது, கல் இருந்தது, பாட்டு இருந்தது, நடுவில் சாம்பல். ஒன்று. கொஞ்சம் விலகிப் பார்த்தாள், கறையைத் தள்ளிக்கொண்டு. ஓரத்துக்கு நீலம் தெரியாது, ஓரத்துக்கு அசைவும் பெரிய உருவும்தான் தெரியும், இவ்வளவு சின்னதெல்லாம் தெரியாது. இரண்டு. அவர் மூச்சுவிடவில்லை. மூன்று. நாலு. "ஆ" என்றாள். "பாத்தேங்க. வாலை ஆட்டுது."

அவர் சிரித்தது கேட்டது. சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுப்பது, ரப்பர் பேண்டைக் கழற்றுவது, பேனா மூடி, பக்கம் புரளுவது, ஒவ்வொரு சத்தமும் தனித்தனியாகக் கேட்டது. "நானூத்தி ஆறு" என்று சொல்லிக்கொண்டே எழுதத் தொடங்கினார்.

"எழுதாதீங்க."

"ஏன்?"

"நான் பாக்கல."

"இப்பதானே வாலை ஆட்டுதுன்னே?"

"நேத்து நீங்க படிச்சுக் காமிச்சீங்க. வாலை ஆட்டும்னு."

"சரி, அதனாலென்ன, இன்னும் அங்கதான் நிக்குது. நிதானமாப் பாரு. வேர்லேர்ந்து மூணு விரக்கடை."

"எவ்வளவு நிதானமாப் பாத்தாலும் தெரியாதுங்க. எனக்கு நடுவுல இல்ல."

"நடுவுல என்ன இல்ல?"

"எதுவும்." பைனாகுலரை இறக்கினாள். கழுத்து வார் தோளில் வழுக்கியது. "நடுவுல பாத்தா அழிஞ்சுடுது. ஓரந்தான் இருக்கு. திருச்சியில டாக்டர்கிட்ட காமிச்சேன். காது குத்துன்னு போனேனே, அன்னிக்கு."

பறவை இன்னொரு தடவை பாடிவிட்டு நிறுத்தியது. இறகு சத்தமோ என்னமோ, சருகுக்குள் போனது. அவர் அதற்குத் திரும்பினாரா என்று தெரியவில்லை.

"ஆடியில" என்றார்.

"ஆமா."

"அப்ப கரைவெட்டி."

"கூட்டமாப் பறந்தது தெரிஞ்சுது. நீங்க தனியாக் காட்டினதெல்லாம் தெரியல." பிறகு, அவர் பேசுவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்ற அவசரத்தில், "இனிமே நீங்க பாத்தா எழுதுங்க. சட்டத்தை மாத்திக்குவோம். நான் பாக்காட்டி என்ன? கோடியக்கரையில பாத்தீங்களே, அதையும் எழுதிக்குங்க" என்றாள்.

"நீதான் பாக்கலியே" என்றார். கோபம் இல்லாமல், ஒரு தகவல் போல.

அவ்வளவுதான், நோட்டு முடிந்தது என்று அவள் நினைத்தாள். மூடுகிற சத்தத்துக்குக் காத்திருந்தாள். பக்கம் பின்னால் புரண்டது. இன்னொரு பக்கம்.

"நானூத்தி அஞ்சு. கோடிட்ட குக்குறுவான். நேத்து காலைல."

"சத்தம் கேட்டேன். பாக்கல."

பேனா கட்டத்தின் மேல் ஒரு கோடு இழுத்தது. பிறகு இரண்டு எழுத்துக்கான சின்னக் கீறல். "நானூத்தி நாலு. செந்தொண்டை ஈப்பிடிப்பான்." "இல்ல." கோடு. "நானூத்தி மூணு, கருங்கொண்டை வல்லூறு, குளத்தங்கரையில." "இல்லீங்க." கோடு. "நானூத்தி ரெண்டு, மரங்கொத்தி. சிவப்புக் கொண்டை அழகுன்னு சொன்னியே." "நீங்க சொன்னீங்க சிவப்புன்னு." கோடு இழுக்கச் சற்று நேரமானது. ஸ்கேல் இல்லை, கோணலாகத்தான் வரும், அடித்தது படிக்கிற மாதிரி இருக்கிறதோ என்னவோ. "நானூத்தி ஒண்ணு" என்றார். "பெரிய பச்சைக்கிளி. வந்து இறங்கின அன்னிக்குச் சாயந்தரம்."

"அது பாத்தேன்."

பேனா நின்றது.

"நிஜமாப் பாத்தேங்க. வானத்துல ஓரமாப் போச்சு. வால் நீளம். இன்னிக்குக் காலைலகூடப் போச்சு, நாம தூண் மேல உக்காந்திருந்தப்ப. ஏழோ எட்டோ."

"எட்டு" என்றார் அவர். அப்புறம் சொன்னார்: "என்னைப் பாத்துச் சொல்லு."

மங்கையர்க்கரசி முகத்தைத் திருப்பினாள். அவரை நோக்கியல்ல, மதிலை நோக்கி, கருடனின் கால் இருக்கும் இடத்தை நோக்கி. கால் அழிந்தது. இடது ஓரத்தில் மெல்ல அவர் வந்தார்: துணித் தொப்பி, மார்போடு அணைத்த நோட்டு, அந்தரத்தில் நிற்கிற பேனா, மற்றக் கையில் கழற்றி வைத்திருந்த மூக்குக்கண்ணாடி.

"என்னைப் பாருன்னா நீ எங்கயோ பாக்குறியே, அரசி."

"உங்களைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்" என்றாள், சுவரிலிருந்து முகத்தை எடுக்காமல்.